மனு நகர்ந்தருளிய படலம்

தென்காசிச் சீமையில், நெல்லைப் பெருவழியின்மேல், குற்றாலச் சாரல் எட்டிப்பார்க்கும் தொலைவில் பாவூர்சத்திரம் என்றொரு பதி உண்டு. விடியுமுன் காய்கறிச் சந்தையில் சின்ன வெங்காயமும் கத்தரியும் வெண்டையும் குவியும். விடிந்தபின் அவை லாரியேறிப் புளியரைச் சோதனைச்சாவடி தாண்டிக் கேரளம் புகும். சுற்றுப்பட்டி வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவார்கள். இத்தனை உழைப்பும் எதற்காக என்று இதுவரை எந்தப் புலவரும் பாடாமல் போனது பெருங்குறை. எல்லாம், என்றேனும் ஒரு நாள் அரசு அலுவலகத்து வராந்தாவில் நின்று காத்திருக்கும் பேறு பெறுவதற்காகத்தான். அந்தப் பேற்றை அள்ளி வழங்கும் கருணைக்கடலை, அரசு நிர்வாகம் எனும் ஒப்பற்ற பெருமானை, அடியேன் இங்கே சிரம் தாழ்த்திப் போற்றப் புகுகிறேன்.

முன்பெல்லாம் ஆட்சியரைத் தரிசிக்க எம் மக்கள் நாற்பது கிலோமீட்டர் பயணித்துத் திருநெல்வேலி செல்ல வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. தொலைவு பத்துக் கிலோமீட்டராய்ச் சுருங்கியது. தொலைவு குறைந்தால் தவத்தின் பயனும் குறைந்துவிடுமோ என்று நாங்கள் கலங்கினோம். பெருமான் எங்களைக் கைவிடவில்லை. தொலைவில் குறைந்ததைத் தடவைகளில் நிரப்பியருளினார்.

அவருடைய திருவிளையாடல்களில் தலையாயது மனுவை நகர்த்தியருளுவது. பீடி சுற்றும் அம்மையார் ஒருவர், மறைந்த கணவரின் இருபது சென்டு நிலத்தைத் தம் பெயருக்கு மாற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கிறார். 'மேலே மனுப் போடுங்கம்மா' என்ற நல்வாக்குக் கிடைக்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார். மனு அங்கிருந்து கோட்டாட்சியரிடம் இறங்குகிறது. கோட்டாட்சியரிடமிருந்து வட்டாட்சியரிடம், வட்டாட்சியரிடமிருந்து வருவாய் ஆய்வாளரிடம், வருவாய் ஆய்வாளரிடமிருந்து, 'உரிய விசாரணை செய்து அறிக்கை அளிக்குமாறு' என்ற மங்கல வாசகத்துடன், அதே கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேர்கிறது. நான்கு ரத வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்துவிட்டது. வடம் பிடித்தவர்களின் கைவலியைக் கேட்பது தேர்த் திருவிழாவின் மரபில்லை.

இந்த உலாவின் நுட்பத்தைப் பாமரர் அறியார். மனு ஒரு மேசையை விட்டு அகலும் அந்தக் கணத்தில், அந்த மேசையைப் பொறுத்தவரை அது தீர்ந்துவிட்டது. ஐந்து மேசைகளைக் கடந்தால் ஐந்து முறை தீர்ந்திருக்கிறது. ஒரே குறையை ஐந்து முறை தீர்க்கும் வல்லமை வேறு எந்த அரசுக்கு உண்டு? அம்மையாரின் நிலம் இன்னும் கணவர் பெயரில் இருக்கிறதே என்று கேட்பவர்கள், நிலத்தைப் பார்க்கிறார்களே ஒழிய அந்தந்த மேசையின் தன்பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

அதனினும் வியப்பு, கோப்புகளை முடித்துவைக்கும் முறை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் வேரூன்றி, டாட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் அந்த அலுவலக முறையில் முடிவுகள் பலவகை. ஓராண்டு வைத்திருந்து அழிக்க வேண்டியது ஓ.மு.; மூன்றாண்டு வைத்திருக்க வேண்டியது மூ.மு.; பத்தாண்டுக்கு ப.மு.; என்றென்றைக்குமாக நி.மு. காகிதத்தின் ஆயுளை இத்தனை கரிசனத்தோடு கணித்த இன்னொரு நாகரிகம் பூமியில் இல்லை. மனுதாரரின் ஆயுளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதது பெருமானின் தன்னடக்கம். பிறகு கணினி வந்தது. மின்னலுவலகம் வந்தது. மேசையில் காத்திருந்த கோப்பு இப்போது திரையில் காத்திருக்கிறது; தூசு படிவதில்லை. நவீனமயம் என்பது இதுதான் என்று உலகம் எங்களிடம் வந்து கற்க வேண்டும்.

பெருமானின் மொழிநயத்தைப் பேசாவிட்டால் பாவம் சேரும். 'பொருள்' என்று தொடங்கி, 'பார்வை' என்று ஏழு பழைய கடிதங்களை வரிசையாக அடுக்கி, 'பார்வையில் காணும் கடிதத்தின்மீது தங்கள் மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று அவர் அருளும்போது கல்லும் கரையும். கவனம் ஈர்க்கப்படுகிறது, விவரம் கோரப்படுகிறது, நடவடிக்கை எடுக்கப்படும். எடுப்பவர் யார் என்று எங்கும் சொல்வதில்லை. 'யான்', 'எனது' என்னும் செருக்கை அறுக்க முனிவர்கள் காடு சென்று காற்றைக் குடித்துத் தவமிருந்தார்கள். எம் அலுவலர்கள் மின்விசிறியின்கீழ் அமர்ந்தபடியே அந்நிலையை எய்திவிட்டார்கள்.

வாய்மொழியிலும் குறைவில்லை. 'சார் கேம்புக்குப் போயிருக்காவ', 'சைட்டு வேல செய்யல', 'சர்வேயர் இன்னும் ஜாயின் பண்ணல', 'செவ்வாக்கெழம வந்து பாருங்கம்மா'. நான்கே மந்திரங்கள், இவற்றுள் நாடு நகரத்தின் வினாக்கள் அனைத்துக்கும் விடை அடங்கிவிடுகிறது. எந்தச் செவ்வாய் என்று கேட்கும் அவசரக்காரர்களுக்குப் பக்குவம் போதாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்கலாம் என்று சிலர் துணிவார்கள். அவர்களையும் பெருமான் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. 6(3) பிரிவின்படி தங்கள் விண்ணப்பம் தொடர்புடைய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது என்ற மடல் வரும். குறைதான் உலாப் போகும் என்றிருந்தோம். குறை எங்கே போனது என்ற கேள்வியும் உலாப் போவதைக் காணும் பாக்கியம் பெற்றோம்.

புத்தாக்கம் இல்லை என்று அரசைக் குறைகூறுவோர் நாவில் புற்று வளரட்டும். தமிழ்நாட்டில் மனு வாங்குவதற்கு வைத்த பெயர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? முதலமைச்சரின் தனிப்பிரிவு இருந்தது. ஆட்சியர் மாதம் ஒரு கிராமத்துக்கு எழுந்தருளும் மனுநீதி நாள் இருந்தது. ஆண்டுதோறும் ஜமாபந்தி இருந்தது. 2013இல் அம்மா திட்டம் வந்தது. 2016 ஜனவரியில் அம்மா அழைப்பு மையம் 1100 என்ற எண்ணோடு மணியடித்தது. 2019இல் முதலமைச்சரின் சிறப்புக் குறைதீர்ப்புத் திட்டம். 2021இல் ஆட்சி மாறியது. உங்கள் தொகுதியில் முதலமைச்சர் வந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் முதல்வரின் முகவரி உதித்தது. 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர். 2024 ஜனவரியில் உங்களைத் தேடி உங்கள் ஊரில். மார்ச்சில் நீங்கள் நலமா. 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின். ஆட்சிகள் ஒன்றையொன்று பழிக்கும், ஒன்றன் சிலையை மற்றது மறைக்கும். ஆனால் குறை கேட்கப் புதுப் புது வாசல் திறப்பதில் மட்டும் இருபெரும் கழகங்களுக்கும் இடையே இம்மியும் வேற்றுமையில்லை. வாசல்கள் இத்தனை, உள்ளே கூடம் ஒன்றே. எந்த வாசல் வழியாகப் போனாலும் மனு வந்து சேர்வது அந்தக் கிராம நிர்வாக அலுவலரிடந்தான். வாசலைப் பெருக்கிக் கூடத்தை அப்படியே வைத்திருக்கும் இந்தச் சிற்ப நுட்பத்தை மயன்கூட அறிந்திருக்கமாட்டான்.

இவற்றுள் மனுநீதி நாள் தனிச்சிறப்புடையது. திருவாரூர்ச் சோழனின் நினைவைச் சுமக்கும் பெயர் அது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் அன்றே நீதி வழங்கினான் என்று பழங்கதை பேசுகிறது. எவ்வளவு பொறுப்பற்ற நிர்வாகம்! பசு ஆதார் நகலை இணைத்ததா? கன்று அதனுடையதுதான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று உண்டா? தேர் ஓடிய வீதி எந்தத் துறையின் பராமரிப்பில் இருந்தது என்று அறிக்கை பெறப்பட்டதா? அவசரப்பட்டு ஒரு முன்னுதாரணத்தை உருவாக்கிவிட்டான் சோழன். அந்தப் பிழை மறுபடி நேராமல் எம் பெருமான் காத்துவருகிறார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டார், பெருந்தன்மை.

அற்புதங்கள் நிகழ்த்துவதிலும் அவர் பின்தங்கவில்லை. திருஞானசம்பந்தர் இட்ட ஏடு திருவேடகத்தருகே வைகை வெள்ளத்தை எதிர்த்துச் சென்றது என்று சைவர்கள் நெகிழ்வார்கள். 2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில் அதே வைகையில், இன்னும் கீழே, திருப்புவனத்தில், உங்களுடன் ஸ்டாலின் முகாம்களில் மக்கள் கொடுத்த மனுக்கள் மிதந்துவந்ததை நாடே கண்டது. அன்றைய ஏட்டுக்கு ஆற்றோடு முரண்படும் பிடிவாதம் இருந்தது. இன்றைய மனுவோ நீரோட்டத்தோடு இணங்கிப்போகும் பணிவைக் கற்றிருக்கிறது. மேசைக்கு மேசை நகர்வதே சிறப்பென்றால், ஒரு மேசையும் தடுக்காமல் கடலை நோக்கி நகர்வதை என்னவென்று சொல்வது? பிறகு விசாரணை நடந்தது. நடக்காமலா? விசாரணையும் ஒரு கோப்பல்லவா?

துறைகளின் நாகரிகத்துக்கு வருவோம். ஒரு துறை இன்னொரு துறையின் காரியத்தில் தலையிடாது, எட்டிப்பார்க்காது, கேட்டும் தெரிந்துகொள்ளாது. நெல்லை–தென்காசிச் சாலையை நால்வழியாக்கியபோது எங்கள் பாவூர்சத்திரத்துக்கு ஒரு ரயில்வே மேம்பாலம் அருளப்பட்டது. தண்டவாளத்தின் மேலே ஒரு துறை, இருபுறமும் இறங்கும் சாலைக்கு இன்னொரு துறை. இரண்டும் ஒன்றையொன்று முந்திவிடக் கூடாதென்று காட்டிய மரியாதையில் ஆண்டுகள் உருண்டன. அந்நாளில் ஊரார் அனைவருக்கும் சாதி மத வேறுபாடின்றி, கட்டணமின்றி, திருநீறுபோல் புழுதி பூசியருளப்பட்டது. வழிநெடுக நிழல்தந்த பழைய மரங்கள் வெட்டப்பட்டதால் வானமும் தடையின்றித் தெரிந்தது. புதுத் தார்ச்சாலை ஆறுமுன் குடிநீர்க் குழாய்க்காக அதைத் தோண்டும் வேறொரு துறையின் ஆர்வத்தையும் இங்கே நன்றியோடு நினைக்கிறேன். முன்கூட்டியே ஒருவரிடம் ஒருவர் பேசியிருந்தால் ஒரு சாலைதான் கிடைத்திருக்கும். பேசாததால் ஒரே சாலையை இருமுறை பெறுகிறோம்.

கரங்களைப் பாடாத புகழுரை புகழுரையாகாது. கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கரம் என்று பண்டைப் புலவர்கள் வள்ளல்களைப் பாடினார்கள். பெருமானின் அடியார்களில் சிலருக்கும் கரம் சிவக்கிறது. 1964இல் தொடங்கிய லஞ்ச ஒழிப்புத் துறையினர் பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளை மனுதாரரிடம் கொடுத்தனுப்புவார்கள். பெற்றவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் அது இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். கொடுத்துச் சிவந்த கடை வள்ளல்கள் ஏழு பேர்தான் என்று இலக்கியம் கணக்கு வைத்திருக்கிறது. வாங்கிச் சிவந்தவர்களின் தொகை அதைக் கடந்து எங்கோ போய்விட்டதை வாரந்தோறும் செய்தித்தாள்கள் பெருமையோடு அறிவிக்கின்றன. பட்டா மாறுதலுக்கு இத்தனை, உட்பிரிவுக்கு இத்தனை, வாரிசுச் சான்றுக்கு இத்தனை என்று எந்த அரசாணையும் இல்லாமல் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை நிலவுகிறது. துறைகளுக்கிடையே தகவல் தொடர்பு இல்லை என்பவர்கள் இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டும்.

நல்ல அலுவலரைப் போற்றத் தெரியாத நிர்வாகம் என்ற அவதூறும் உண்டு. உ. சகாயம் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது 2009இல் தம் சொத்து விவரத்தை இணையத்தில் வெளியிட்டார். கிராம நிர்வாக அலுவலர்கள் பணிபுரியும் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்றார். இப்படியொரு மாணிக்கத்தை ஒரே மாவட்டம் அனுபவிப்பது தகுமா? பணிக்காலத்தில் இருபது முறைக்கும் மேல் அவரை இடம் மாற்றி, நேர்மையைத் தமிழகமெங்கும் பகிர்ந்தளித்தார் பெருமான். இறுதியில் சென்னை அறிவியல் நகரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்த்தினார். அருங்காட்சிப் பொருளுக்கு உகந்த இடம் எதுவென்று அறிந்தவர் அவர் ஒருவரே.

மேலாண்மைப் புத்தாக்கத்தின் சிகரத்தை இறுதிக்கென்றே வைத்திருந்தேன். 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைய நெல்லை மாவட்டத்தின், இன்றைய எங்கள் தென்காசி மாவட்டத்தின், சிற்றூர் ஒன்றிலிருந்து கூலித்தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தார். கந்துவட்டிக் கொடுமை பற்றி அவர் முன்பே பலமுறை மனுக் கொடுத்திருந்தார். அதீத வட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் புத்தகத்தில் இருந்தது. மனுக்கள் முறைப்படி காவல் துறைக்கு அனுப்பிவைக்கப்பட்டிருந்தன. அனுப்பியதற்கு எண் உண்டு, தேதி உண்டு. எதிலும் பிழை காண முடியாது. அலுவலக வளாகத்திலேயே அந்தக் குடும்பம் தீக்குளித்தது. நால்வரும் இறந்தார்கள், இளைய குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

சாமானிய நிர்வாகமாக இருந்தால், கொடுத்த மனுக்கள் என்னவாயின என்று ஆராய்ந்து காலத்தை வீணடித்திருக்கும். எம் பெருமானின் பார்வை கூர்மையானது: கோளாறு மனுவில் இல்லை, மண்ணெண்ணெயில் இருக்கிறது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலக வாசல்களில் காவலர்கள் நின்றார்கள். மனுக் கொடுக்க வரும் பாட்டியின் பை, கைக்குழந்தைக்காரியின் தூக்குவாளி, கிழவரின் தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் திறந்து முகர்ந்து பார்க்கப்பட்டன. மனுவுக்கு விடை தேடுவது பழைய முறை. மனுதாரரிடம் மண்ணெண்ணெய் தேடுவது புதிய முறை. அந்த வாசலில் பையைப் படித்த கவனத்தோடு உள்ளே மனுவைப் படிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது பேராசை.

மனுமீது விரைவாய் நடவடிக்கை எடுக்கத் தெரியாது என்ற வசையும் அப்போதே துடைக்கப்பட்டது. எரியும் குழந்தையின் முன் அதிகாரம் எப்படி நிற்கிறது என்று கேலிச்சித்திரம் வரைந்த ஓவியர்மீது நெல்லை ஆட்சியர் தரப்பிலிருந்து ஒரு புகார் போனது. அந்த மனு கோட்டாட்சியருக்கு இறங்கவில்லை, வருவாய் ஆய்வாளரிடம் தங்கவில்லை. தீக்குளிப்பு நடந்து இரண்டு வாரம் நிறையுமுன், நவம்பர் 5 அன்று, நெல்லைக் காவலர்கள் சென்னைக்கே சென்று ஓவியரைக் கைது செய்து கொணர்ந்தார்கள். அறுநூறு கிலோமீட்டர்! நீதிமன்றம் மறுநாளே அவரைப் பிணையில் விட்டது வேறு கதை. மனுதாரர் தகுதியானவராக இருந்தால் பெருமானின் தேர் எவ்வளவு கடுகி ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிற மாநிலங்களின் தீய பழக்கங்களிலிருந்து எங்களைக் காத்ததற்கும் ஒரு வணக்கம். 2010இல் மத்தியப் பிரதேசம் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் என்றொன்றை இயற்றியது. இன்ன சான்றிதழ் இத்தனை நாளுக்குள், தவறினால் அலுவலர் தம் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் கட்ட வேண்டும் என்று அது மிரட்டியது. நோய் பரவியது, கர்நாடகம் பிடித்துக்கொண்டது, 2012இல் மலைக்கு அப்பால் கேரளமும் விழுந்தது. எங்கள் வெங்காயமும் வெண்டையும் தினமும் புளியரை வழியே அந்தப் பக்கம் போகின்றன. அந்தச் சட்டமோ பல்லாண்டுகள் கழிந்தும் சோதனைச்சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வரத் துணியவில்லை. தேதி குறித்து வேலை செய்யச் சொல்வது கலைஞனை நெருக்குவதாகும் என்ற மென்மையான உணர்வு எம் கோட்டைக்கு இருந்ததால் தப்பினோம்.

படலம் பாடினால் நூற்பயன் சொல்ல வேண்டும். இதை ஒருமுறை படித்தோர் 60 ரூபாயில் இ-சேவை மையத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுவார்கள். இருமுறை படித்தோர்க்கு ந.க. எண் கிட்டும். மும்முறை படித்தோரின் கைபேசிக்கு, 'தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வரும். நாள்தோறும் பாராயணம் செய்வோர் படிப்படியாய் மனு எழுதும் ஆசையே அற்றுப்போவார்கள். அப்போது திங்கள்கிழமை வரிசை சுருங்கும். வராத மனுக்களின் அளவு குறைகள் தீர்ந்தனவென்று கணக்கில் ஏறும். சிறந்த ஆளுமைக்கான விருதை எம் பெருமான் மேடையேறிப் பெற்றுக்கொள்வார். கைதட்ட ஆள் வேண்டுமே என்று அவர் கவலைப்பட வேண்டாம். பாவூர்சத்திரத்திலிருந்து பேருந்து வைத்து எங்களை அழைத்துப் போவார்கள். அந்த ஒரு வேலை மட்டும் இந்நாட்டில் குறித்த நேரத்தில் நடந்துவிடும்.